படகு உறைக்கு ஒட்டுப் போடுவது எப்படி? – ஒரு செயல்முறை விளக்கம்



செயல்முறையை விளக்கி எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பாதிப்பேர் ரொட்டி சானாய் சுடுவார்கள். மீதிப்பேர் பூச்செடி நடுவார்கள். தவறில்லை. ஆனால், அந்தக் கட்டுரைகளில் 'முதலில்', 'பிறகு', 'அதன்பின்' என்று படிகள் வரிசையாக நிற்கும். ஏன் அந்தப் படி என்பது மட்டும் இருக்காது. மாவை ஏன் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டால், "அப்படித்தான் டீச்சர் செய்வாங்க" என்று பதில் வரும். அதனால் இம்முறை நம் வகுப்பறைகளில் யாரும் எழுதாத ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். படகை மூடும் கித்தான் உறையில், கிழிகிற இடத்திலும் கிழியப்போகிற இடத்திலும் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கும் வேலை. இதில் காரணம் தெரியாமல் ஒரு படியும் நகர முடியாது. நகர்ந்து பார்த்தவள் நான், அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். 'ஒட்டுப் போடுதல்' என்றால் கிழிந்த துணியின்மேல் வேறு துணித்துண்டை வைத்துத் தைப்பது. பசை போட்டு ஒட்டுவது அல்ல. சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன், "தாத்தா தன் சட்டைக்கு ஓட்டுப் போட்டார்" என்று எழுதியிருந்தான். சட்டை எந்தத் தொகுதியில் நின்றது என்று வகுப்பே கேட்டுவிட்டது. குறில் நெடில் விஷயத்தில் கவனம் தேவை, மாணவர்களே. கான்வாஸுக்குக் 'கித்தான்' என்ற சொல் தமிழில் உண்டு. இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன். இன்று கித்தான் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பருத்தி இல்லை. ஒன்று, இழையிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் துணி. மற்றொன்று, பாலியஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசிய ரகம். நம் கார் குஷன் கடைகளில் இரண்டையும் பார்க்கலாம்.

போர்ட்டிக்சனில் என் தாய்மாமா 17 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார். வார இறுதியில் மீன்பிடிக்கப் போவார். மற்ற நாள்களில் படகு துறையில் கட்டிக் கிடக்கும். மேலே அதன் அளவுக்கே தைத்த உறை. ஒரு நாள் அந்த உறையில், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள கண்ணாடியின் மூலை படும் இடத்தில், விரல் நீளத்துக்குக் கிழிசல். "நான் தைச்சுத் தரேன் மாமா" என்று வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுத் தையல் மிஷினில், சாதாரண நூலில், சின்னச் சின்னத் தையலாக, அழகான சதுர ஒட்டு ஒன்று போட்டேன். பார்ப்பதற்குப் புத்தக அட்டை போல இருந்தது.

மூன்று வாரம் தாங்கியது. ஒரு நாள் விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று அடித்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உறையின்மேல் மழைநீர் தேங்கி, நான் போட்ட ஒட்டு தன் நான்கு பக்கத் தையலோடும் கத்தரித்தாற்போலப் பிய்ந்துவிட்டது. தேங்கிய நீர் முழுவதும் படகுக்குள் போனது. நீரிறைக்கும் பம்பு பேட்டரி தீரும்வரை ஓடி நின்றுவிட்டது. மாமா போய்ப் பார்த்தபோது படகின் பின்பகுதி தாழ்ந்து கிடந்தது. பேட்டரியும் ஒயர்களும் நீருக்குள். "பரவால்லம்மா, விடு" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அந்த உறையை ஒரு குஷன் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே தைக்கும் அண்ணன் என் ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், ஓட்டைய மூடியிருக்கீங்க. கித்தானக் காப்பாத்தலயே" என்றார். அன்று அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதன்பின் நானே தைத்துப் பழகியதையும்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒட்டின் வேலை ஓட்டையை மறைப்பது அல்ல என்பதுதான். அதன் வேலை ஓர் இடத்தில் குவியும் இழுவிசையைச் சுற்றியுள்ள நல்ல துணிக்குப் பகிர்ந்து கொடுப்பது. உறையின்மேல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரியாக 5 சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்குகிறது என்று வையுங்கள். அது 50 லிட்டர்; அதாவது 50 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பை ஐந்தைத் தூக்கி உறையின்மேல் வைத்தது போல. அவ்வளவு பாரமும் உறையை எங்கே இழுக்கும்? கண்ணாடியின் மூலை, கயிறு கட்டும் முளை, உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் தாங்குகோலின் தலை, ஓரத்துப் பித்தளைக் கண்ணிகள் ஆகிய இடங்களில்தான். உறை கிழிவதும் அங்கேதான். ஆகவே, கிழிந்தபின் ஒட்டுப் போடுவதைவிட, கிழியப்போகிற இடத்தை முன்பே கண்டுபிடித்து ஒட்டுப் போடுவது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உறையைக் கழற்றி மேசையில் விரித்தால் ஒன்றும் தெரியாது. படகின்மேல் இருக்கும்போதே பார்க்க வேண்டும். சுண்ணக்கட்டியை எடுத்துப் படகின் கூர்மையான மூலைகள், முளைகள், கம்பிகள் எல்லாவற்றிலும் தாராளமாகத் தேயுங்கள். பிறகு உறையை முறையாக மாட்டி, எல்லாக் கயிற்றையும் இறுக்கி, அந்த இடங்களை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கழற்றித் திருப்பினால் உட்புறத்தில் வெள்ளை அடையாளம் இருக்கும். அதுதான் உரசும் இடம். வெளிர்நிற உறை என்றால் வண்ணச் சுண்ணக்கட்டி வேண்டும். அடையாளத்தின் பக்கத்திலேயே படகின் முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு 17 அடித் துணியில் எது முன், எது பின் என்று தேடிக்கொண்டு நிற்பீர்கள். எனக்கு நடந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. கிழிசலைச் சுற்றியுள்ள துணியை இரு கைகளாலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் பட்பட்டென்று அறுந்தால் துணி வெயிலில் நைந்துவிட்டது. அங்கே தைப்பது வீண்வேலை. நைந்த பகுதியைத் தாண்டி நல்ல துணி எங்கே தொடங்குகிறதோ, அங்கிருந்து இன்னும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் வெளியே ஒட்டின் விளிம்பு நிற்க வேண்டும். என் ஒட்டு கிழிசலைவிட ஒரு சென்டிமீட்டர்தான் பெரிதாக இருந்தது. அதாவது, நைந்த துணியிலேயே தையல் போட்டிருக்கிறேன். உறை முழுவதும் அப்படி அறுந்தால், ஒட்டுக்குச் செலவிடும் காசைப் புது உறைக்குச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது ஒட்டுத்துணி. நான் இருந்ததிலேயே தடித்த துணியைத் தேடி எடுத்தேன். தடித்தால் பலம் என்ற நினைப்பு. அண்ணன் கையில் வைத்து மடக்கிக் காட்டினார். மெல்லிய பழைய துணியின்மேல் மரப்பலகை போன்ற தடித்த ஒட்டை வைத்தால், காற்றில் உறை படபடக்கும் போதெல்லாம் ஒட்டு வளையாது. அதன் விளிம்பில்தான் துணி மடங்கி மடங்கி விரியும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து முறிப்போமே, அதே கதை. ஆகவே, கிழிசலுக்கு உறையின் அதே ரகத் துணியே சிறந்தது. பாரம் அதிகம் விழும் இடத்தில் பலம் கூடுதலாக வேண்டுமென்றால், ஒரே தடித்த துண்டுக்குப் பதில் இரண்டு மெல்லிய துண்டுகள். ஒன்று பெரியது, மற்றொன்று அதைவிட எல்லாப் பக்கமும் 2, 3 சென்டிமீட்டர் சிறியது. விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் படிக்கட்டு போல இறங்க வேண்டும். அப்போது பலமும் படிப்படியாகக் குறையும். எந்த ஒரு கோட்டிலும் துணி திடீரென்று மடங்காது. பாய்மரக் கப்பல்களின் பாய்களிலும் மூலை ஒட்டுகளை இப்படித்தான் அடுக்கித் தைப்பார்கள்.

உரசும் இடத்துக்கு மட்டும் வேறு கணக்கு. அக்ரிலிக் துணி வெயிலை நன்றாகத் தாங்கும்; உரசலைத் தாங்காது. ஆகவே கண்ணாடி மூலை, முளை படும் இடங்களில் உட்புறமாக மென்மையான வினைல் அல்லது தோல் ஒட்டு வைக்கிறோம். வழவழப்பான பக்கம் படகைப் பார்த்து இருக்க வேண்டும். உரசல் துணிக்குப் போகாமல் வினைலோடு நின்றுவிடும். இதோடு நிறுத்தாமல் உரசுகிற பொருளையும் கவனியுங்கள். என் மாமாவின் படகில் கண்ணாடி மூலைக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டினோம். காசு செலவில்லாத அந்தப் பந்து என் தையலைவிட அதிக வேலை செய்கிறது என்பது என் கருத்து.

வெட்டும்போது இரண்டு விதிகள். ஒன்று, நூலோட்டம். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் இருக்கின்றன. ஒட்டின் பாவு, உறையின் பாவு போகும் திசையிலேயே போக வேண்டும். குறுக்கு மூலையாக வைத்தால் ஒட்டு ஒரு பக்கம் இழுபடும். உறை இன்னொரு பக்கம் இழுபடும். இரண்டுக்கும் நடுவே தையல் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு, மூலை. என் சதுர ஒட்டு நான்கு மூலைகளில்தான் முதலில் பிய்ந்திருந்தது. சதுரத்தின் மூலையில் இரு பக்கத்து இழுவிசையும் ஒரு புள்ளியில் வந்து சேர்கிறது. அந்த ஒரு தையல் அறுந்தால் மூலை தூக்கிக்கொள்ளும். கயிறோ விரலோ அதில் மாட்டும். பிறகு உரிவதற்கு நேரமாகாது. அதனால் மூலையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்துக் கோடு போட்டு வளைவாக வெட்டுங்கள். தாங்குகோலின் தலைக்கு முழு வட்டமே நல்லது. அக்ரிலிக், பாலியஸ்டர் துணிகளின் வெட்டு விளிம்பைச் சூடான கத்தியால் இலேசாக உருக்கிவிட்டால் நூல் பிரியாது. வினைலுக்கு இது வேண்டாம். அதில் நூல் அவ்வளவாகப் பிரியாது என்பது ஒரு காரணம், பி.வி.சி. கருகினால் வரும் புகை மூச்சுக்குக் கேடு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இப்போது நூலுக்கு வருகிறேன். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் பலமானதுதான், ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே படகு உறைக்குப் பாலியஸ்டர் நூல், அதிலும் இழைகள் பிரியாமல் பிணைத்த ரகம். குஷன் கடையில் 92ஆம் எண் என்று கேட்டால் கொடுப்பார்கள்; அதற்கு 18ஆம் எண் ஊசி. வீட்டு மிஷின் அதைத் தாங்காவிட்டால் 69ஆம் எண் நூலும் 16ஆம் எண் ஊசியும். நம் ஊர் வெயிலில் நல்ல அக்ரிலிக் உறையில் துணிக்கு முன்னால் நூல்தான் போகும். துணி திடமாக இருந்து தையல் மட்டும் விட்டுப்போயிருந்தால், ஒட்டே வேண்டாம். அதே கோட்டில் மறுதையல் போட்டால் போதும். வெயில் பாதிக்காத டெஃப்லான் வகை நூலும் உண்டு. விலை அதிகம், வழுக்கும், புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

தைப்பதற்குமுன் அந்த இடத்தை மென்மையான சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். இழைகளுக்குள் காய்ந்து நிற்கும் உப்புத்தூள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஈரத்தில் ஒட்டு நாடாவும் பிடிக்காது. குண்டூசி குத்தாதீர்கள். ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. அதற்குப் பதில் தையலுக்கென்றே விற்கும் இருபக்க ஒட்டு நாடாவை ஒட்டின் விளிம்போரம் வைத்து, ஒட்டை அதனிடத்தில் நிறுத்துங்கள். இங்கேதான் அளவுக்குத் தைத்த உறைக்கும் சாதாரணத் தார்ப்பாய்க்கும் உள்ள வேறுபாடு தெரியும். தார்ப்பாய் தட்டை. அளவுக்குத் தைத்த உறையோ படகின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். மேசையில் தட்டையாகப் பரப்பி ஒட்டை வைத்தால், படகில் மாட்டி இறுக்கும்போது ஒட்டு ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் இழுக்கும். ஆகவே முடிந்தவரை உறை படகின்மேல் இறுக்கமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வளைவு அதிகமான மூலையில் வட்ட ஒட்டின் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெட்டுக் கொடுத்து, வெட்டின் இரு ஓரங்களையும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றித் தைத்தால், அது ஆழமில்லாத கிண்ணம்போல் வளையும். ரவிக்கையில் டார்ட் பிடிப்பதும் இதற்குத்தானே.

தையலின் நீளம் 4 மில்லிமீட்டர். நான் போட்டது 2 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 சென்டிமீட்டர் கோட்டில் 4 மில்லிமீட்டர் தையலுக்கு ஏறத்தாழ 25 ஓட்டைகள், 2 மில்லிமீட்டருக்கு 50. அஞ்சல்தலைத் தாளில் ஓரம் ஓரமாகத் துளையிட்டிருப்பார்களே, சுலபமாகக் கிழிப்பதற்காக? நான் மாமாவின் உறையில் செய்தது அதைத்தான். "கத்தரித்தாற்போல" பிய்ந்தது என்று மேலே எழுதினேன். இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

ஒட்டின் விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு சுற்று. அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே இன்னொரு சுற்று. நேரான பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், வளைவில் தொடங்காதீர்கள். சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை 2, 3 சென்டிமீட்டர் தாண்டித் தைத்து நிறுத்துங்கள். அதே இடத்தில் முன்னும் பின்னுமாக மிதித்தால் ஊசி துணியை அரித்துவிடும். கிழிசல் இருந்த இடமானால் ஒட்டை உட்புறம் வைத்து, வெளிப்பக்கம் கிழிசலின் பிசிறை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, அந்த ஓட்டையைச் சுற்றி மூன்றாவது சுற்றுத் தையல் போட வேண்டும். ஒட்டை ஏன் உட்புறம் வைக்கிறோம்? வெளியே வைத்தால், சரிந்து வரும் மழைநீரை ஒட்டின் மேல்விளிம்பு ஒரு வாய்க்கால் வரப்புப் போலத் தடுத்து நிறுத்தும். நின்ற நீர் தையல் துளைகளைத் தேடும்.

மிஷினில் உட்காரும்போது உறையின் மீதிப் பகுதியை இரு பக்கமும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கவ்விகளால் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொரு மேசையைப் போட்டுப் பாரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். உறை தரையில் தொங்கி இழுத்தால் ஊசி வளையும், உடையும். தொடங்குமுன் அதே துணியின் இரண்டு துண்டுகளில் தைத்துப் பார்த்து, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். மிஷின் இல்லையென்றால் மெழுகு பூசிய நூலும் தடித்த ஊசியும் உள்ளங்கைக் காப்புத் தோலும் போதும். நேரம்தான் அதிகம்.

பித்தளைக் கண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஒற்றைத் துணியில் கண்ணி அடிக்காதீர்கள். பின்னால் குறைந்தது ஓர் ஒட்டாவது வேண்டும். கண்ணியின் குழாயைவிடத் துளை சற்றுச் சிறிதாக இருந்தால்தான் துணி இறுகிப் பிடிக்கும். உப்புக்காற்றில் இரும்புக் கண்ணி துருவேறும். கறை துணியிலும் இறங்கும்.

தைத்தபின் உறையை மாட்டி, குழாயால் நீர் அடித்துப் பாருங்கள். முதலில் தையல் துளைகளில் கொஞ்சம் கசியும். அதற்குத் தையல் அடைப்பானைக் கோட்டின்மேல் தடவினால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது நீர் எங்காவது தேங்குகிறதா என்பதை. தேங்கினால் கயிற்றை இறுக்குங்கள், தாங்குகோலை உயர்த்துங்கள். தேங்கும் நீரை எந்த ஒட்டும் நெடுநாள் தாங்காது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. இக்கட்டுரையில் 'ஆகவே', 'அதனால்', 'இல்லாவிட்டால்' போன்ற தொடர்புச் சொற்களையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள். எந்தப் படியின் காரணம் காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் யாராவது கையால் செய்யும் ஒரு வேலையை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் அவரிடமே 'ஏன்' என்று கேட்டு, 200 சொற்களில் எழுதுங்கள். ரொட்டி சானாய் வேண்டாம்.

மாமாவின் உறையில் இப்போது ஐந்து ஒட்டுகள் இருக்கின்றன. இரண்டு அண்ணன் தைத்தவை. மூன்று நான் தைத்தவை. எது யாருடையது என்று மாமாவுக்கு இன்னும் அடையாளம் தெரிகிறது. என்னுடையவற்றில் வளைவு கொஞ்சம் கோணல்.